அஞ்சல்வழி பிஎச்.டி.க்கு முன்பணம் கட்டலாமா?

கேள்வி: என் மகள் எம்.எஸ்சி. உளவியல் முடித்திருக்கிறாள். மனச்சோர்வு, பதற்ற நோய்கள் பற்றி ஆராய்ச்சி செய்யவும், நோயாளிகளைப் பார்க்கவும் ஆசைப்படுகிறாள். ஒன்றரை லட்சம் கொடுத்தால் அஞ்சல்வழியில் பிஎச்.டி. வாங்கித் தருவதாகவும், பிறகு ‘கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்’ (மருத்துவ உளவியலாளர்) என்று போர்டு வைக்கலாம் என்றும் ஓர் ஏஜென்ட் சொல்கிறார். கட்டலாமா? – ஒரு தந்தை, குடியாத்தம்.

பதில்: ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள் ஐயா. யுஜிசி எனும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகளின்படி பிஎச்.டி.யை அஞ்சல்வழியிலோ ஆன்லைனிலோ நடத்தவே கூடாது.

“பகுதி நேரம் இருக்கிறதே” என்பார் ஏஜென்ட். இருக்கிறது. வேலையில் இருப்பவர் அலுவலகத்தின் தடையில்லாச் சான்று வாங்கிச் சேரலாம். ஆனால் அவரும் நுழைவுத் தேர்வோ நேர்காணலோ தாண்ட வேண்டும், கோர்ஸ் ஒர்க் எனும் பாட வகுப்புகளை முடிக்க வேண்டும், வழிகாட்டி முன்னால் உட்கார வேண்டும், குறைந்தது 3 ஆண்டுகள் ஆகும். பகுதி நேரம் வேறு, அஞ்சல்வழி வேறு. இந்த இரண்டையும் குழப்பித்தான் பணம் பறிக்கிறார்கள். ஹோலோகிராம் ஒட்டிய சான்றிதழை பிளாஸ்டிக் உறையில் பத்திரமாகக் கொண்டுவந்து என் மேசையில் வைத்த பெண்ணிடம், “இது செல்லாதும்மா” என்று சொல்ல வேண்டியிருந்தது. இன்றும் மனம் ஆறவில்லை.

அடுத்து, உண்மையான பிஎச்.டி. வாங்கினாலும் அதை மட்டும் வைத்து போர்டு மாட்ட முடியாது. 2017 மனநலச் சட்டப்படி, ஆர்.சி.ஐ. எனும் இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த கிளினிக்கல் சைக்காலஜி தகுதி வேண்டும்; முதுகலைக்குப் பிறகு மேற்பார்வையோடு நடக்கும் 2 ஆண்டு முழுநேர எம்.ஃபில். பயிற்சி அதில் ஒன்று. ஏன் இத்தனை கெடுபிடி? மனச்சோர்வோடு வரும் அம்மா அந்த வார்த்தையையே சொல்ல மாட்டார். “நெஞ்சு படபடன்னு அடிக்குது, ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்ல, சோறு எறங்கல” என்பார். அதிலிருந்து நோயைப் பிரித்தறிய, மூத்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்து சொல்லித்தர வேண்டும். நம் வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பத்தாரும் தங்குகிறார்கள். அப்படிக் கூடவே இருந்து பார்ப்பதைத் தபாலில் அனுப்ப முடியுமா?

அந்த எம்.ஃபிலை யுஜிசி நிறுத்தியது. கிளினிக்கல் சைக்காலஜிக்கும் மனநல சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 வரை நீட்டித்தார்கள். ஆர்.சி.ஐ. புதுப் படிப்புகளையும் கொண்டுவந்தது. ஊருக்கு ஒரு அறிவிப்புப் பலகையாவது வைத்தார்களா? பெற்றோர் எங்கே போய்த் தெரிந்துகொள்வார்கள்? இந்த இருட்டுதான் ஏஜென்டுகளுக்கு முதலீடு.

ஆகவே, இந்த ஆண்டு எந்தக் கல்லூரியில் எந்தப் படிப்புக்கு அங்கீகாரம் என்று ஆர்.சி.ஐ. இணையதளத்தில் மகளையே பார்க்கச் சொல்லுங்கள். ஏஜென்ட் போனில் காட்டும் படத்தை நம்ப வேண்டாம். முதலில் அந்தப் பயிற்சி, பிறகு பிஎச்.டி. இடையில், பிஎச்.டி. சேர்க்கைக்கு உதவும் நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வுக்குப் படிக்கட்டும். நாளைதான் கடைசி நாள் என்று அந்த ஆள் அவசரப்படுத்துவார். அதற்காக நகையை அடகு வைத்துவிடாதீர்கள்.