ஜூலையில் போனால் ஸ்ட்ரைப்ட் பாஸ் கிடைக்குமா?

கேள்வி: என் அக்கா மகன் அமெரிக்காவில், தெற்குக் கரோலினாவில் வேலை செய்கிறான். ஏரியில் பிடித்த ஸ்ட்ரைப்ட் பாஸ் மீன் படங்களை அனுப்பி வயிற்றெரிச்சலைக் கிளப்புகிறான். நான் ஜூலையில் போக டிக்கெட் போட்டாயிற்று. 'மாமா, மீன் பிடிக்கணும்னா அந்த மாசம் வேண்டாம்' என்கிறான். ஏரி அங்கேயேதானே இருக்கிறது, மீன் எங்கே போய்விடும்?
- வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: மருமகன் சொல்வதுதான் சரி, அண்ணே. மீன் எங்கேயும் போகாது, ஆனால் அந்த மாதத்தில் அதற்கு மூச்சு விடவே இடம் போதாது. கோடையில் ஏரியின் மேல்தண்ணீர் சூடேறிவிடும். கீழே குளிர்ந்த தண்ணீர் இருக்கும், ஆனால் மேலும் கீழும் கலக்காததால் அடியில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். பெரிய ஸ்ட்ரைப்ட் பாஸுக்கு 25 பாகை செல்சியஸுக்கு மேல் போனாலே ஒத்துவராது. மேலே வந்தால் சூடு, கீழே போனால் மூச்சுத் திணறல், நடுவில் இருக்கும் மெல்லிய அடுக்கில் இரை சரியாகத் தின்னாமல் மெலிந்து கிடக்கும். அந்த நேரத்தில் தூண்டிலில் இழுத்து, படம் எடுத்து, 'விட்டுவிட்டேன்' என்று பெருமையாகச் சொன்னாலும் பெரும்பாலும் அது செத்துத்தான் போகும். உங்கள் மருமகன் போவது சான்டி கூப்பர் ஏரிகள் என்றால், கோடையில் இந்த மீனைப் பிடிக்கவே அங்கே தடை உண்டு, அக்டோபர் 1-ஆம் தேதிதான் மறுபடி திறப்பார்கள்.

அந்த ஏரிகளின் கதையே தனி. ஸ்ட்ரைப்ட் பாஸ் கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றில் ஏறும் மீன். 1940-களின் தொடக்கத்தில் அங்கே அணை கட்டி மேரியன், மோல்ட்ரி என்று இரண்டு ஏரிகள் உண்டானபோது உள்ளே மாட்டிக்கொண்டவை கடலைப் பார்க்காமலே பெருகிவிட்டன. அதைப் பார்த்த பிறகுதான் அமெரிக்காவின் மற்ற ஏரிகளிலும் குஞ்சு விட ஆரம்பித்தார்கள்.

டிக்கெட்டை மாற்ற முடிந்தால் அக்டோபர் கடைசி, நவம்பருக்கு மாற்றுங்கள். தண்ணீர் குளிர்ந்ததும் ஷாட் என்கிற, மத்தி வகையைச் சேர்ந்த சின்ன மீன்கள் கூட்டம் கூட்டமாகத் திரியும். பாஸ் கீழிருந்து வளைத்து அவற்றை மேலே துரத்த, தண்ணீர் கொதிப்பதுபோல் பொங்கும், மேலே கடற்காகங்கள் விழுந்து விழுந்து பொறுக்கும். அங்கே மீன் பிடிப்பவர்கள் முதலில் தேடுவது பறவையைத்தான். இஞ்சினைத் தூரத்திலேயே அணைத்துவிட்டு, காற்றில் மிதந்து போய் ஸ்பூனை, அதாவது கரண்டிபோல் பளபளக்கும் உலோகப் போலி இரையை, வீச வேண்டும், நடுவில் படகை விட்டால் கூட்டம் முங்கிவிடும். குளிர்காலத்தில் ஆழத்துக்கு இறங்கும், வசந்தத்தில் முட்டையிட ஆற்றில் ஏறும். லைசென்ஸ் எடுக்காமல் தூண்டிலைத் தொடாதீர்கள், 16 வயது ஆன எல்லாருக்கும் கட்டாயம்.

கேள்வி: அதன் குஞ்சைக் கொண்டுவந்து நம் பேராக்கின் செண்டரோ ஏரியிலோ, ஈயம் தோண்டிய பழைய ஈயக்குட்டையிலோ விட்டால் வளருமா? (அதே வாசகர்)

பதில்: வளராது, அந்த எண்ணமே வேண்டாம். நம் தண்ணீர் வருஷம் முழுக்கப் பெரும்பாலும் 27, 28 பாகைக்குக் குறையாது. முட்டையிடவே அதற்கு இருபது பாகையை ஒட்டிய குளிர்ந்த தண்ணீர் வேண்டும், அதிலும் முட்டை அடியில் படியாமல் ஏறக்குறைய இரண்டு நாள் ஓட்டத்தில் மிதக்க வேண்டும். அப்புறம், உயிர்மீனை அனுமதியில்லாமல் நாட்டுக்குள் கொண்டுவருவது மலேசியாவின் 1985 மீன்வளச் சட்டப்படி குற்றம். அமேசான் பக்கத்திலிருந்து வந்த பீகாக் பாஸை, நம் ஆட்கள் 'ராஜா' என்பார்களே அதை, யாரோ ஆசைப்பட்டு விட்டதன் பலனை ஈயக்குட்டைகளில் இப்போதும் பார்க்கிறோம். அது சூட்டுக்குப் பழகிய மீன், இங்கே வந்து நம் சின்ன மீன்களைத் தின்று கொழுக்கிறது. இருப்பது போதும்.

கேள்வி: ஸ்பூன் வீசும் முறை நம் ஏரிக்குச் சரிவருமா? எந்த மாதம் நல்லது?
- வாசகர், கோலகங்சார்

பதில்: செபாராவுக்கு, அதாவது சின்ன மீனை வேட்டையாடும் நம் ஆற்றுக் கெண்டை வகைக்கு, நன்றாகவே வரும். ஆனால் நமக்கு மாதக் கணக்கு உதவாது, மழைக் கணக்குதான். மேலே மழை கொட்டி ஆறு தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) நிறத்தில் இறங்கும்போது வீட்டில் இருங்கள். கலங்கல் தெளியத் தொடங்கியதும், சிற்றாறு ஏரியில் சேரும் வாயில் விடியற்காலையில் நின்று வீசிப் பாருங்கள், செபாராவ் அங்கேதான் சின்ன மீனை மறித்து அடிக்கும். தோமான் என்கிற பெரிய விரால் வகை வேறு ஆள். சிவப்புக் குஞ்சுக் கூட்டம் மூச்சு வாங்க மேலே வரும்போது தாயும் தகப்பனும் கீழே காவல் இருக்கும். அந்தக் கூட்டத்தின் மேலேயே வீசி அவற்றைப் பிடிப்பதைப் பலர் திறமை என்கிறார்கள். எனக்குப் பிடிக்காது. காவலைத் தூக்கிவிட்டால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்குத் தீனி, அடுத்த வருஷம் அதே ஆட்களே 'குட்டையில் மீனே இல்லை' என்று எனக்கு எழுதுவார்கள்.

கேள்வி: ஸ்ட்ரைப்ட் பாஸ் குழம்புக்கு ஆகுமா?
- வாசகி, சுங்கை சிப்புட் (மேலே கேட்டவரின் மனைவி)

பதில்: ஆகும் அக்கா. வெள்ளைச் சதை, உடையாது. தோலை உரித்ததும் பக்கவாட்டில் கருஞ்சிவப்பாக ஒரு பட்டை தெரியும், கவிச்சி அதில்தான், அதை மட்டும் வெட்டி எறிந்துவிடுங்கள். புளியும் மசாலாவும் இங்கிருந்தே எடுத்துப்போவது நல்லது.