பாஸ்டனில் ஐரிஷ் பேச ஆள் தேடுபவருக்கு

செயலியில் ஐரிஷ் மொழி கற்றுக்கொண்டு பாஸ்டன் வந்தீர்கள், ஐரிஷ் பப்புகளில் பேசிப் பார்த்தால் ஆங்கிலத்திலேயே பதில் வருகிறது என்கிறீர்கள். அதில் வியப்பில்லை. அயர்லாந்திலேயே பெரும்பாலோர் அன்றாடம் பேசுவது ஆங்கிலம்தான். பெயர்ப்பலகையில் அயர்லாந்தின் சின்னமான ஷாம்ராக் இலை இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

ஆனால் நீங்கள் வந்திருப்பது சரியான ஊர். அயர்லாந்தின் கால்வே நகருக்கு மேற்கே உள்ள கானமாராவில் இன்றும் ஐரிஷை வீட்டுமொழியாகப் பேசும் கிராமங்கள் உண்டு. அங்கிருந்து வந்த பலர் இங்கே சவுத் பாஸ்டன், டார்செஸ்டர் பகுதிகளில் குடியேறினார்கள். நகருக்குத் தெற்கே, கேன்டனில் இருக்கும் ஐரிஷ் கலாசார மையத்தில் முதலில் விசாரியுங்கள். வகுப்பு உண்டா என்று மட்டும் கேட்காதீர்கள். கானமாராக்காரர்கள் யாராவது வருவார்களா என்றும் கேளுங்கள். அந்தப் பெரியவர்கள் கிடைத்தால் வகுப்பே வேண்டாம் என்பேன்! ஹார்வர்டில், ஐரிஷ் சேர்ந்த குடும்பமான கெல்டிக் மொழிகளுக்குத் தனித் துறையே இருக்கிறது. பொதுச் சொற்பொழிவு நடந்தால் போய்ப் பாருங்கள்.

அப்புறம், கானமாராக்காரர்கள் பேசும் வேகம். செயலிக்குப் பழகிய காதுக்கு முதலில் ஒன்றும் பிடிபடாது. 1972 முதல் ஒலிபரப்பாகும் ஐரிஷ் மொழி வானொலியான ரேடியோ நா கேல்தாக்தா இணையத்திலும் கிடைக்கிறது. சமைக்கும்போது அதை ஓடவிடுங்கள், புரியாவிட்டாலும் பரவாயில்லை.