உத்திரம் சுவருக்குள் நுழையும் இடத்தைப் பாருங்கள், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

சிங்கப்பூருக்கு வந்து 3 வாரம் ஆகிறது என்றும், லிட்டில் இந்தியாவில் பழைய கடைவீடு ஒன்றின் மாடித்தளத்தைப் பிரித்து மறுபடி கட்டும் வேலைக்கு மேற்பார்வையாளராகச் சேர்ந்திருப்பதாகவும், ஊரில் கான்கிரீட்டைத் தவிர வேறு தளத்தைப் பார்த்ததே இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். எங்கிருந்து தொடங்குவது, எதில் கவனமாக இருப்பது என்பது உங்கள் முதல் கேள்வி. வாடகை, சாப்பாடு, ஊருக்குப் பணம் அனுப்புவது, மனைவியை அழைத்துவருவது ஆகியவை மற்றவை. அந்த நான்குக்கும் பதில் சொல்ல இங்கே ஆள் பஞ்சம் இல்லை. வந்து ஓராண்டு நிறைவதற்குள் நிரந்தரவாசம், தங்கம், வீடு என்று எல்லாவற்றிலும் தேர்ந்துவிட்ட நம்மவர்கள் லிட்டில் இந்தியாவின் தேக்கா பகுதியில் எந்தத் தேநீர்க் கடையிலும் அகப்படுவார்கள். மனைவியை அழைத்துவருவது மட்டும் உங்கள் அனுமதி அட்டையின் வகையையும் சம்பளத்தையும் பொறுத்தது என்பதால், அதைத் தேநீர்க் கடையில் கேட்காமல் மனிதவள அமைச்சிடமே கேளுங்கள். நான் தளத்தைப் பற்றி எழுதுகிறேன்.

நான் 1994இல் வந்தேன். முகவருக்குக் கட்டிய பணத்துக்கு அம்மாவின் நகை அடகில் இருந்தது. சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு தெருவில், கடைவீட்டின் மாடியில் 14 பேர் படுத்திருந்தோம். இரவில் ஒருவர் புரண்டால் பலகை முனகும்; அந்த முனகல் கடைசி ஆள் வரைக்கும் போகும். சன்னலோரம் படுத்தவர் எழுந்து நடந்தால் தளம் ஊஞ்சல்போல் அசையும். அது ஏன் அசைகிறது என்று அப்போது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. காற்று வரும் இடம் என்பதால் எல்லாரும் அந்தச் சன்னலோரத்துக்கே போட்டி போட்டோம்.

கீழே கடையும் மேலே குடியிருப்புமான கடைவீடு, பக்கத்து வீடுகளோடு பங்கிட்டுக்கொள்ளும் இரண்டு பொதுச்சுவர்களுக்கு நடுவே நிற்பது. சுவர், சுண்ணாம்புக் காரையில் கட்டிய செங்கல். உத்திரங்கள் ஒரு பொதுச்சுவரிலிருந்து மறு பொதுச்சுவருக்குப் போகும்; அவற்றுக்குக் குறுக்காகப் பலகைகள் வாசலிலிருந்து பின்கட்டு நோக்கி ஓடும். இதில் நீங்கள் முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியது, உத்திரங்கள் தளத்தைத் தாங்குவதோடு நிற்காமல், உயரமான அந்த இரண்டு சுவர்களையும் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்பதுதான். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. வந்த இரண்டாம் மாதம், எங்கள் மேஸ்திரி ஓர் அறையின் உத்திரங்கள் அனைத்தையும் ஒரே நாளில் இறக்கச் சொன்னார். அவரும் நம்மூர்க்காரர்தான், பத்தாண்டு முன்னால் வந்தவர் என்பதே அவருடைய ஒரே தகுதி, கேள்வி கேட்டால் 'ஊருக்குப் போகிறாயா' என்பதே அவருடைய ஒரே பதில். ஐந்தாவது உத்திரம் இறங்கியபோது பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்தார். அவருடைய வீட்டுச் சுவர்ப் பூச்சில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல் ஓடியிருந்தது. பொறியாளர் வந்து பார்த்துவிட்டு, அன்று இரவே சுவருக்குச் சுவர் கிடைமுட்டு கொடுக்க வைத்தார். பழி மட்டும் உத்திரத்தை அறுத்த என்மேல் வந்தது. ஆகவே, ஒரு நேரத்தில் ஒன்றிரண்டு உத்திரங்களுக்கு மேல் கழற்றாதீர்கள்; கழற்றியதன் இடத்தில் புதியது ஏறிய பிறகே அடுத்ததைத் தொடுங்கள்; கீழே முட்டு நிற்காமல் ஒரு பலகையையும் பெயர்க்காதீர்கள். அதற்கும் முன்னால், பதிவுபெற்ற பொறியாளரின் வரைபடம் கையில் இருக்கிறதா என்று கேளுங்கள். 1989இல் லிட்டில் இந்தியா பாதுகாக்கப்படும் வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. அங்கே பழைய உத்திரத்தையும் படிக்கட்டையும் நம் விருப்பத்துக்கு எடுத்துப்போட முடியாது. நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் அனுமதி இல்லாமல் கைவைத்தால் முதலாளிக்கு அபராதம் வரும், உங்களுக்குப் பயணச்சீட்டு வரும்.

அடுத்தது, எது கெட்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பது. புதிதாக வருகிறவர் எல்லாரும் பலகையைப் பார்க்கிறார்கள். பலகை தேய்ந்திருக்கும், ஆணி துருத்தியிருக்கும், இடைவெளி விட்டிருக்கும்; இவை அத்தனையும் கண்ணுக்குத் தெரிகிற, எளிதில் சரிசெய்யக்கூடிய குறைகள். உத்திரத்தின் நடுப்பகுதியும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். சுவருக்குள் புதைந்திருக்கும் கடைசி ஒரு சாண் நீளத்தில்தான் மரம் உக்கிப்போயிருக்கும், ஏனென்றால் மழைநீரைக் குடித்த செங்கல் அந்த முனையைச் சுற்றிலும் அணைத்துக்கொண்டிருக்கிறது. மரத்தில் ஈரம் ஏறத்தாழ 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சணம் அதை அழிப்பதில்லை. இந்த ஊரின் திறந்த காற்றில் காய்ந்த மரம் 15, 16 விழுக்காட்டில் நிற்கும். அதாவது நமக்கும் கெடுதலுக்கும் நடுவே இருப்பது நாலைந்து விழுக்காடுதான். ஓர் ஓட்டைக் குழாய் அதைத் தாண்டவைத்துவிடும். எனவே ஒவ்வொரு முனையையும் கூர்மையான குத்தூசியால் குத்திப்பாருங்கள். நல்ல மரம் ஊசியை வாங்காது. கெட்ட மரம் நனைந்த ரொட்டியைப்போல் வாங்கிக்கொள்ளும். கரையானும் அந்த வழியாகத்தான் வரும். சுவரில் பென்சில் கனத்துக்கு மண்குழாய் ஏறியிருந்தால், உங்கள் பக்கம் மட்டும் மருந்து அடித்துப் பயனில்லை. பொதுச்சுவருக்கு மறுபக்கம் இருப்பவரிடமும் பேச வேண்டும்.

முனை மட்டும் கெட்டிருந்தால் முழு உத்திரத்தையும் மாற்றவேண்டியதில்லை. கெட்டதை நல்ல மரம் தெரியும்வரை அறுத்துவிட்டு, இருபுறமும் துணைக்கட்டையோ எஃகுத் தகடோ வைத்து மரையாணியால் முடுக்கலாம். எவ்வளவு நீளம், எத்தனை ஆணி என்பதைப் பொறியாளர் கணக்கிடட்டும். புதிய முனையைச் சுவர்ப்பொந்தில் வைத்துச் சிமென்ட்டால் அடைத்துவிடாதீர்கள். சுற்றிலும் சிறிது காற்று விடுங்கள், அடியில் ஈரம் ஏறாத தகடு ஒன்று வையுங்கள். சுவர்ப்பூச்சுக்கும் சிமென்ட் வேண்டாம், ஏனென்றால் சுண்ணாம்புச் சுவர் தன் ஈரத்தைத் தானே வெளியே விட்டுக்கொள்ளும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரத்துக்கு வெளியேற இருக்கும் வழி உங்கள் உத்திர முனைதான். இவ்வளவுக்கும் முன்பு கூரைத் தாழ்வாரத்தையும் மழைநீர்க் குழாயையும் பாருங்கள். சுவர் வெடிப்பில் ஆலங்கன்று முளைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். நீர் வரும் வழியை அடைக்காமல் தளத்தைக் கட்டிய ஒரு வீட்டுக்கு நாங்கள் 6 ஆண்டில் திரும்பப் போனோம்.

இனி என் தீராத மனக்குறைக்கு வருகிறேன். வீட்டுக்காரர் மாடியில் பளபளவென்று தரை ஓடு கேட்பார். நம்மூரிலிருந்து வந்த எவராவது ஒருவர், 'இரண்டு அங்குலம் சிமென்ட் போட்டு ஓடு ஒட்டிவிடலாம், ஆட்டமும் நின்றுவிடும்' என்பார். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 50 மில்லிமீட்டர் கனத்துக்குச் சிமென்ட் கலவை சதுர மீட்டருக்கு 100 கிலோவுக்குக் குறையாது. 30 சதுர மீட்டர் அறைக்கு 3 டன் ஆகிறது, ஓடு இன்னும் சேரவில்லை. வீட்டுத் தளத்துக்கு மனிதர், பொருள் எல்லாம் சேர்த்து வழக்கமாக வைக்கும் கணக்கே சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோதான். ஆட்டத்தை நிறுத்த எடையைக் கூட்டக் கூடாது; உத்திரங்களுக்கு இடையே குறுக்குக்கட்டைகளை இறுக்கமாகப் பொருத்துங்கள், போதாவிட்டால் ஆழம் கூடிய உத்திரம் கேளுங்கள். ஆழத்தை இரட்டித்தால் விறைப்பு 8 மடங்காகிறது, அகலத்தை இரட்டித்தால் 2 மடங்கோடு நின்றுவிடுகிறது.

இதே காரணத்தால், குளிர்சாதனக்காரரையும் குழாய்க்காரரையும் ரம்பத்தோடு தனியே விடாதீர்கள். 200 மில்லிமீட்டர் ஆழமுள்ள உத்திரத்தில் மேலிருந்து 50 மில்லிமீட்டர் வெட்டினால், அந்த இடத்தில் வலிமை 56 விழுக்காடாகச் சரிகிறது. துளை தவிர்க்க முடியாதது என்றால் ஆழத்தின் நடுக்கோட்டில், சிறியதாக, பொறியாளரைக் கேட்டுப் போடட்டும்.

மரத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். தேக்கு தேக்கு என்று நம்மூர்ப் பெருமை பேசவேண்டாம். நானும் பேசி அவமானப்பட்டவன். மலாயாக்காரரான மூத்த தச்சர் ஒருவர் என்னிடம் 'செங்ஙால் எடுத்து வா' என்று மலாயில் சொன்னபோது, நான் இரண்டு செங்கல்லைத் தூக்கிக்கொண்டு போய் நின்றேன். அவர் சிரித்து முடிக்கவே ஒரு பொழுது ஆயிற்று. செங்ஙால் என்பது இங்கே ஒரு கடினமரத்தின் பெயர். பிறகு அந்த மரத்தின் துண்டு ஒன்றைக் கையில் கொடுத்து, ஆணி அடிக்கச் சொன்னார். மூன்று ஆணி வளைந்தது. முதலில் துளை போட்டுக்கொண்டுதான் அதில் ஆணி இறக்க வேண்டும் என்பதை அப்படித்தான் கற்றேன். கரையான் எளிதில் வாய்வைக்காத மரம் அது. இன்று விலை அதிகம் என்பதால், பிரித்த பழைய உத்திரங்களில் நல்ல பகுதியை ஒரு துண்டும் வீசாமல் எடுத்துவையுங்கள். புதுப்பலகை வாங்கினால் பதிக்கப்போகும் அறையிலேயே சில வாரம் அடுக்கிவையுங்கள். குளிர்சாதனம் ஓடும் அறையில் மரம் மேலும் காய்ந்து சுருங்கும், அவசரப்பட்டுப் பதித்தால் ஆறு மாதத்தில் இடுக்கு வழியாகக் கீழ்வீட்டு விளக்கு தெரியும்.

அந்தத் தச்சரிடம் 4 ஆண்டு இருந்தேன். தமிழும் மலாயும் கலந்து அவர் சொன்னதைத்தான் இன்று என் ஆட்களுக்குச் சொல்கிறேன். வந்த புதிதில் நான் படுத்திருந்த மாடியைப் பழுதுபார்க்கும் வேலை பின்னாளில் எங்களுக்கே வந்தது. சன்னலோரத்துப் பலகையைப் பெயர்த்தோம். இரண்டு உத்திரங்களின் முனை சுவருக்குள் இல்லவே இல்லை. மக்கி மண்ணாகி, பலகையில் அறைந்த ஆணிகளிலேயே அவை தொங்கிக்கொண்டிருந்தன. அதன்மேல்தான் காற்றுக்காகச் சண்டை போட்டுப் படுத்திருக்கிறோம்.

நாளைக்குப் படம் எடுத்து அனுப்புவதாக எழுதியிருக்கிறீர்கள். பலகையின் படம் வேண்டாம். தெருப்பக்கச் சன்னலுக்கு அருகிலும், மழைநீர்க் குழாய் இறங்கும் மூலையிலும், உத்திரம் சுவருக்குள் நுழையும் இடத்தைக் கீழிருந்து விளக்கடித்து எடுத்து அனுப்புங்கள்.