மறுமொழி: வேலையை விட்டுக் கடிகாரப் பழுது கற்கலாமா?

வணக்கம். 35 வயதில் நிலையான வேலையை விட்டு முழுநேரப் பள்ளியில் சேர்வதா, வீட்டிலிருந்தே கற்பதா என்று கேட்டிருந்தீர்கள். வயது தடையல்ல, ஆயினும் இந்த நுண்பணி கைக்கும் கண்ணுக்கும் ஒத்துவருகிறதா என்று தெரியும் முன் வேலையை விட வேண்டாம் என்பேன்.

முதலில் 6497 என்னும் மாதிரி வகைக் கடிகார உள்ளியந்திரம் ஒன்றை வாங்குங்கள். சாவி கொடுத்து ஓடும் இது 36.6 மி.மீ. விட்டமுடையது, தேதி காட்டும் அமைப்பு இல்லாதது என்பதால் தொடங்குவோருக்கு ஏற்றது. பிரிக்கும்போது, சக்கரங்களை ஒவ்வொரு பல்லாக விடுவிக்கும் பேலட்டைக் கழற்றும் முன், கடிகாரத்தை ஓட்டும் சுருள்வில்லான மெயின் ஸ்பிரிங்கின் இறுக்கத்தை முழுவதும் தளர்த்திவிடுங்கள். தவறினால் சக்கரங்கள் கட்டுப்பாடின்றிச் சுழன்று, அச்சு முனைகள் முறியக்கூடும். பிரித்துப் பூட்டுவதைச் சில வாரங்களில் பழகிவிடலாம்; எந்த இடத்தில் எந்த எண்ணெய், எவ்வளவு என்று உணர்வதற்குத்தான் (மிகுந்த எண்ணெய் பரவி வேறிடத்தைக் கெடுக்கும்) நெடுங்காலம் ஆகும்.

பள்ளியா, வீடா என்பது நீங்கள் எங்கே பணிபுரிய விரும்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பல சுவிஸ் நிறுவனங்கள் தாம் அங்கீகரித்த பணிமனைகளுக்கு மட்டுமே உதிரிபாகங்கள் தருவதால், அத்தகைய இடங்களில் சேர விரும்புவோருக்கு வோஸ்டெப் (சுவிஸ் கடிகாரப் பயிற்சி அமைப்பு) போன்றவற்றின் சான்றிதழ் பெரிதும் உதவும். வோஸ்டெப்பின் முழுப் பாடத்திட்டம் 3000 மணி நேரம். பழைய கடிகாரங்களே உங்கள் நாட்டமெனில், 1858இல் தொடங்கிய, பிரிட்டனின் கடிகாரத் தொழில் அமைப்பான பிரிட்டிஷ் ஹோரலாஜிக்கல் இன்ஸ்டிடியூட்டின் தொலைநிலைப் பாடத்தைப் படித்தபடியே, அனுபவமுள்ள ஒருவரிடம் வார இறுதிகளில் பயிலலாம். சுவர்க்கடிகாரமும் பழுதுபார்க்க எண்ணினால் லேத் (கடைசல் இயந்திர) வேலையையும் இப்போதே தொடங்குங்கள். அச்சு சுழன்று தேய்ந்த துளைகளுக்குப் புஷ் (சிறு உலோக வளையம்) அடிக்காமல் அந்தத் தொழில் நடவாது.