ஹெல்மெட் வைசரில் ஆவி படிகிறதா? – வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: அதிகாலையில் வேலைக்குப் புறப்படும்போதும் இரவில் வீடு திரும்பும்போதும் குளிர்காலம் முழுவதும் எனக்கு ஒரே தொல்லை. முகம் முழுவதையும் மூடும் ஹெல்மெட்டின் வைசரை இறக்கிய சற்று நேரத்திலேயே உட்புறம் ஆவி படிந்துவிடுகிறது. எதிரே வரும் வண்டியின் விளக்கு வெறும் வெள்ளைத் திட்டாகத் தெரிகிறது. கையுறையால் துடைத்தால் உடனே மறுபடியும் படிகிறது. திறந்து வைத்தாலோ குளிர்காற்றில் கண்ணீர் வழிகிறது. ஆவி படியாமல் தடுக்கும் திரவங்களைப் பூசிப் பார்த்தேன், ஓரிரு நாள்தான் தாங்குகின்றன. நிலையான வழி ஏதேனும் உண்டா?

பதில்: உங்கள் பார்வையை மறைப்பது வெளியிலிருந்து வந்த பனியன்று, நீங்கள் விட்ட மூச்சுதான் என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். நாம் வெளிவிடும் காற்று, உடல் வெப்பத்தைவிடச் சற்றே குறைந்த வெப்பத்தில், தன்னால் சுமக்க முடிந்த அளவு நீராவியைச் சுமந்துகொண்டு வருகிறது. 35 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 40 கிராம் நீராவியைத் தாங்கும். அதே காற்று 10 டிகிரிக்குக் குளிர்ந்தால் 9 கிராமுக்குச் சற்று அதிகமாகத்தான் தாங்கும். மிச்சமுள்ள ஈரம் எங்கேயாவது இறங்கியாக வேண்டும். மூக்குக்கு நேர் எதிரே, வெளிக்காற்று பட்டுக் குளிர்ந்திருக்கும் வைசரைவிட அதற்கு அருகிலுள்ள இடம் வேறில்லை. அவ்வாறு இறங்கும் நீர் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய திவலைகளாக அமர்ந்து, ஒவ்வொன்றும் ஒளியை ஒவ்வொரு பக்கமாகச் சிதறடிப்பதால்தான் விளக்கு வெள்ளைத் திட்டாகிறது.

ஆகவே, வைசரில் எதைப் பூசுவது என்று யோசிப்பதற்கு முன் மூச்சு எவ்வழியாக வெளியேறுகிறது என்று பாருங்கள். குளிருக்குப் பயந்து ஹெல்மெட்டின் காற்றுத் துளைகள் அனைத்தையும் மூடிவிடுவது பலருக்கும் வழக்கம். ஆவி படிவதற்கு அதைவிடச் சிறந்த ஏற்பாடு கிடையாது. தாடைப் பகுதியிலுள்ள துளை, பெரும்பாலான ஹெல்மெட்டுகளில், உள்ளே வரும் உலர்ந்த குளிர்காற்றை வைசரின் உட்புறம் வழியாக மேல்நோக்கிச் செலுத்துவதற்காகவே அமைக்கப்பட்டிருக்கிறது. பின்மண்டையிலுள்ள துளைகள் ஈரக்காற்றை வெளியே இழுக்கின்றன. இரண்டும் சேர்ந்து திறந்திருந்தால்தான் காற்று ஓடும்.

அடுத்தது மூச்சுத் தடுப்பு. மூக்கின் மேல் அமர்ந்து மூச்சைக் கீழ்நோக்கித் திருப்பும் சிறிய ரப்பர் அல்லது துணிப் பகுதி அது. சில ஹெல்மெட்டுகளுடன் சேர்ந்தே வரும், சிலவற்றுக்குத் தனியாக வாங்கிப் பொருத்த வேண்டும். ஆவி முதலில் வைசரின் நடுவில், மூக்குக்கு எதிரே வட்டமாகத் தொடங்குமானால், உங்களிடம் இந்தத் தடுப்பு இல்லை அல்லது மூக்குத்தண்டின் இருபுறமும் அது சரியாகப் படியவில்லை என்று கொள்ளலாம். வாயையும் மூக்கையும் சுற்றிக் கட்டும் கனத்த மஃப்ளரும் இதே வகையில் சிக்கல் தரும்: துணியின் மேல்விளிம்பு தளர்ந்திருந்தால் மூச்சு முழுவதும் கண்ணை நோக்கித்தான் கிளம்பும். தாடைக்குக் கீழே பொருத்தும் காற்றுத் தடுப்புத் துணி கழுத்துக்கு இதமானது என்றாலும், மூச்சு வெளியேறும் வழியையும் அது அடைக்கிறது. மூச்சுத் தடுப்பு இல்லாமல் அதை மட்டும் பொருத்துவது நிலைமையை மோசமாக்கும்.

வண்டி நிற்கும்போது எந்தத் துளையாலும் பயனில்லை. சிக்னலை நெருங்கும்போதே, நிற்பதற்கு முன்பாக, வைசரை ஒரு படி மட்டும் தூக்கிவிடுங்கள். ஆவி படிந்த பிறகு தூக்கினால் அது மறைவதற்குள் பச்சை விளக்கு வந்துவிடும்.

இவை அனைத்தும் செய்தும் கடுங்குளிரில் போதவில்லையென்றால், நீங்கள் கேட்கும் நிலையான தீர்வுக்கு மிக நெருக்கமானது இரட்டைப் படலம்தான். பின்லாக் என்ற பெயரில் பரவலாக அறியப்படும் இந்த உட்தகடு, விளிம்பு முழுவதும் ஓடும் மெல்லிய சிலிகோன் வரப்பின் மூலம் வைசரோடு ஒட்டி நிற்கிறது. இரண்டுக்கும் இடையே அடைபட்ட காற்று, குளிர்நாடுகளின் இரட்டைக் கண்ணாடி ஜன்னலில் நடப்பதைப் போல, வெளிக்குளிர் உள்தகட்டை எட்டாமல் தடுக்கிறது. போதாததற்கு, அந்தத் தகடே ஓரளவு ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். தகட்டின் பெயரோடு வரும் 30, 70, 120 என்ற எண்களில் எது பெரியதோ அது அதிகமாக உறிஞ்சும். ஆனால் இதைத் தாங்கும் இரண்டு முளைகள் உள்ள வைசராக இருந்தால்தான் பொருத்த முடியும். வாங்குவதற்கு முன் உங்கள் வைசரைப் பார்த்துக்கொள்ளுங்கள். பொருத்திய பின் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் சிலிகோன் வரப்பு எங்கும் அறுபடாத ஒரே கோடாகத் தெரிய வேண்டும். ஓரிடத்தில் விலகியிருந்தாலும் ஈரம் நடுவில் புகுந்துவிடும், அதைத் துடைக்க விரல் நுழையாது. முளைகளைச் சற்றே திருப்பினால் தகடு இறுகும்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். தகடு மென்மையானது, உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும். மிதமான சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் அலசி நிழலில் உலரவிடுவதே முறை. இரவில் எதிர்வரும் விளக்குகள் சில கோணங்களில் இரட்டையாகத் தெரிவதும் உண்டு. துளைகளை மூடிக்கொண்டு நெடுநேரம் ஓட்டினால் உறிஞ்சும் திறன் நிறைந்து இதிலும் ஆவி படியும் என்பதால், வீடு திரும்பியதும் ஹெல்மெட்டைப் பைக்குள் போட்டு வைக்காமல் வைசரைத் திறந்து காற்றாட வைப்பது நல்லது. ஈரம் ஊறிய உட்பஞ்சும் மறுநாள் ஆவியைக் கூட்டும்.

கேள்வி: ஷாம்பு, பற்பசை போன்றவற்றை வைசரின் உட்புறம் தடவினால் ஆவி படியாது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: ஷாம்பு அல்லது பாத்திரம் கழுவும் திரவத்தை ஒரு துளி எடுத்து மெல்லியதாகத் தடவி, மென்மையான துணியால் பளபளப்பு வரும்வரை துடைத்தால், நீர் திவலைகளாகத் திரளாமல் சீரான படலமாகப் பரவும், அதனால் பார்வை தெளிவாக இருக்கும். கடைத் திரவங்களும் அடிப்படையில் இதையேதான் செய்கின்றன. துடைப்பிலும் ஈரத்திலும் கரைந்துபோவது அவற்றின் இயல்பு என்பதால், முந்தைய வாசகரின் திரவம் ஓரிரு நாளில் தீர்ந்ததை ஏமாற்று என்று சொல்ல முடியாது. அதிகமாகத் தடவினால் மழை நாளில் கரைந்து கண்ணில் இறங்கி எரியும். உட்தகடு பொருத்தியவர்கள் அதன் மேல் எதையும் தடவ வேண்டாம்.

பற்பசையில் தேய்க்கும் துகள்கள் இருக்கின்றன. வைசர் கண்ணாடியன்று, பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக், அத்துகள்கள் அதில் கீறல் போடும். அந்தக் கீறல்கள் ஆவியைப் போல மறைந்து போகா. அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான், பெட்ரோல், தின்னர் ஆகியவற்றையும் கிட்டே கொண்டுவராதீர்கள். மழைநீர் வழுக்கி ஓடுவதற்கான பூச்சு வெளிப்புறத்துக்கு மட்டுமே உரியது. உட்புறம் பூசினால் அது நீரைத் திவலைகளாகத் திரட்டி, நீங்கள் தடுக்க நினைத்ததையே செய்து முடிக்கும்.

கேள்வி: நான் மூக்குக் கண்ணாடி அணிபவன். வைசர் தெளிவாக இருந்தாலும் என் கண்ணாடியில் ஆவி படிகிறதே?

பதில்: இரட்டைத் தகடு வைசரைக் காக்கும், உங்கள் கண்ணாடியைக் காக்காது. குளிர்ந்த கண்ணாடியை வெதுவெதுப்பான ஹெல்மெட்டுக்குள் நுழைத்தவுடனே ஆவி படிவது இயல்பு. ஆகவே ஹெல்மெட்டை அணிந்து, கண்ணாடியையும் மாட்டிய பிறகு, வைசரை இறக்காமல் சற்று நேரம் இருந்து, கண்ணாடியின் குளிர் தணிந்ததும் புறப்படுங்கள். ஓட்டும்போது மூச்சுத் தடுப்பு மற்றவர்களைவிட உங்களுக்குத்தான் அதிகம் தேவை, அதன் விளிம்பு கண்ணாடிச் சட்டத்துக்குக் கீழே படிய வேண்டும். ஆவி படியாத பூச்சுள்ள லென்ஸ்களும் அதற்கான ஈரத்துணிகளும் கண்ணாடிக் கடைகளில் கிடைக்கின்றன. உங்கள் லென்ஸில் ஏற்கெனவே வேறு பூச்சு இருந்தால் அதற்கு ஒத்துவருமா என்று கடைக்காரரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.