ஐடிஆர் நாமே போடலாமா? சம்பளக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

2025-26 நிதியாண்டுக்கான வருமான வரிக் கணக்கை (ஐடிஆர்) பற்றி வந்த கேள்விகள் இவை.

கேள்வி: சார், சம்பளமும் கொஞ்சம் எஃப்டி வட்டியும்தான் வருமானம். ஆடிட்டரிடம் போயே ஆகணுமா?

பதில்: வேண்டாம். வருமான வரித் துறையின் தளத்தில் தாக்கல் செய்யக் கட்டணமே கிடையாது. ஐடிஆர்-1இல் பெரும்பாலான விவரங்கள் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். அதற்காக அப்படியே அனுப்பிவிடாதீர்கள். ஃபார்ம் 16 (கம்பெனி தரும் சம்பள வரிச் சான்று), ஏஐஎஸ் (உங்கள் வருமானம் பற்றி வரித் துறையிடம் உள்ள ஆண்டு அறிக்கை) இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு தொகையாகச் சரிபாருங்கள். எஃப்டி வட்டியில் வங்கி 10% டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடித்ததோடு கதை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். நீங்கள் 20% வரம்பில் இருந்தால் மீதியை நீங்கள்தான் கட்ட வேண்டும்.

கேள்வி: 14 லட்சம் சம்பளம். பழைய முறையா, புதிய முறையா?

பதில்: யார் சொன்னாலும் கேட்காதீர்கள், கணக்குப் போட்டுப் பாருங்கள். பழைய வரி முறையில் கழிவுகள் அதிகம்; புதிய முறையில் கழிவுகள் குறைவு, வரி விகிதமும் குறைவு. புதிய முறையில் நிலையான கழிவு (சம்பளக்காரர் எல்லோருக்கும் கிடைப்பது) 75,000 போக 13,25,000. அதற்கு வரி 78,750, செஸ் (வரியின் மேல் வரி) சேர்த்து 81,900 ரூபாய். பழைய முறையில் இதே வரி வர வேண்டுமானால் 50,000 நிலையான கழிவு போக இன்னும் சுமார் 5.19 லட்சம் கழிவு காட்ட வேண்டும். 80சி பிரிவில் (பிஎஃப், ஆயுள் காப்பீடு போன்றவை) ஒன்றரை லட்சம், என்பிஎஸ் (ஓய்வூதியத் திட்டம்) 50,000, மருத்துவக் காப்பீடு 25,000 என்று முழுதாகப் போட்டாலும் 2.25 லட்சம்தான் ஆகிறது. பெரிய எச்ஆர்ஏவோ (வீட்டு வாடகைப் படி) வீட்டுக் கடன் வட்டியோ இல்லாதவருக்குப் பழைய முறை கட்டுப்படியாகாது. வரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று மார்ச் மாதக் கடைசியில் தேவையில்லாத பாலிசியில் பணத்தை முடக்குவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

கேள்வி: வாடகை ரசீதை ஆபீஸில் கொடுக்க விட்டுப்போச்சு. அவ்வளவுதானா?

பதில்: இல்லை. பழைய முறை உங்களுக்கு லாபம் என்றால் ஐடிஆரிலேயே எச்ஆர்ஏ கழிவைக் கேட்கலாம். ரசீதும் வங்கியில் வாடகை போன கணக்கும் கையில் இருக்கட்டும். வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டு உரிமையாளரின் பான் எண் தேவைப்படும். ஒன்று மட்டும் முக்கியம்: கெடு தேதியைத் தாண்டினால் பழைய முறையைத் தேர்வு செய்யவே முடியாது. தாமதக் கட்டணமும் 5,000 ரூபாய் வரை போகும்.

கேள்வி: நடுவில் கம்பெனி மாறினேன். இப்போது வரி பாக்கி காட்டுகிறதே?

பதில்: இரண்டு கம்பெனியும் தனித்தனியே நிலையான கழிவையும் வரியில்லா வரம்பையும் கொடுத்திருப்பார்கள், அதனால் வரி குறைவாகப் பிடித்திருப்பார்கள். பாக்கி 10,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் என்றால் முன்வரி (வருடம் முடியும் முன்பே கட்ட வேண்டிய வரி) கட்டாததற்கு மாதம் 1% வட்டி ஓடிக்கொண்டிருக்கும். ஜூலை வரை காத்திருக்காமல் இப்போதே கட்டிவிடுங்கள்.

கேள்வி: ஒரு ஏஜென்ட் பெரிய ரீஃபண்ட் வாங்கித் தருகிறேன், அதில் பங்கு கொடு என்கிறார்.

பதில்: தயவுசெய்து ஒதுங்கிவிடுங்கள். இல்லாத நன்கொடையையும் வாடகையையும் காட்டித்தான் அந்த ரீஃபண்ட் வரும். பிடிபட்டால் ஏய்த்த வரியோடு அதில் 200% அபராதமும் உங்கள் தலையில்தான் விழும். ஏஜென்ட் அப்போது போனை எடுக்க மாட்டார்.

கேள்வி: தாக்கல் பண்ணியாச்சு. அப்புறம்?

பதில்: 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி வைத்து இ-வெரிஃபை (இணையத்தில் உறுதி) செய்யுங்கள். அதுவரை தாக்கல் செய்ததாகவே கணக்கில் வராது.