சிஸ்லர் சீஸ் டோஸ்ட்: வீட்டில் செய்கிறவர்கள் கேட்டவை

ஆஸ்திரேலியாவில் இருந்தவர்களுக்கு அறிமுகமே வேண்டாம். மற்றவர்களுக்காக இரண்டு வரி. சிஸ்லர் என்பது 1958இல் கலிஃபோர்னியாவின் கல்வர் சிட்டியில் தொடங்கிய ஸ்டேக் கடை. ஆஸ்திரேலியாவுக்கு 1985இல் வந்தது, முதல் கடை பிரிஸ்பேனில். 2020 நவம்பர் 15ஆம் தேதியோடு இங்கே மிச்சமிருந்த ஒன்பது கடைகளும் மூடிவிட்டன. ஸ்டேக்கையும் சாலட் பாரையும் விட, உட்கார்ந்ததும் மேஜைக்கு வரும் அந்த ஒரு துண்டு சீஸ் டோஸ்டைத்தான் இன்னும் எல்லோரும் கேட்கிறார்கள். லோகன்ஹோம் கடையில் பிள்ளைகளோடு பல வருஷம் சாப்பிட்டவள் நான். அது மூடிய பிறகு வீட்டில் செய்து செய்து பார்த்ததில் தெரிந்துகொண்டதை வைத்துப் பதில் சொல்கிறேன்.

அக்கா, முதலில் அளவைச் சொல்லுங்கள். நெட்டில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். (மெல்பர்ன்)

மார்ஜரின் (எண்ணெயில் செய்யும், வெண்ணெய் மாதிரித் தடவும் கொழுப்பு) 100 கிராம், பெக்கோரினோ (செம்மறியாட்டுப் பாலில் செய்யும் இத்தாலியக் கட்டிச் சீஸ்) 60 கிராம், தடிமனான வெள்ளை பிரெட் ஆறு துண்டு. அவ்வளவுதான். பூண்டு இல்லை, மிளகு இல்லை, பார்ஸ்லி இல்லை, உப்பு இல்லவே இல்லை. பெக்கோரினோவே உப்புக் கட்டி.

சீஸைத் துருவுவதில் மட்டும் சோம்பல் படாதீர்கள். கேரட் துருவும் பெரிய துளையில் துருவினால் நீட்டு நீட்டாக விழும். அது கல்லில் பட்டதும் நுனி கருகும், நடு வேகாது. சின்னத் துளையில் துருவி, விரலில் எடுத்தால் ரவை மாதிரி நெருட வேண்டும். மார்ஜரினைப் பிரிட்ஜிலிருந்து எடுத்து வெளியே வைத்து, இளகியதும் சீஸைப் போட்டுக் கரண்டியால் குழையுங்கள். அவசரத்துக்கு மைக்ரோவேவில் உருக்கிவிடாதீர்கள். உருகினால் சீஸ் அடியில் போய் உட்காரும், முதல் துண்டுக்கு வெறும் எண்ணெய், கடைசித் துண்டுக்கு வெறும் சீஸ்.

ஒரு துண்டுக்கு மேஜைக்கரண்டி ஒன்று குவியலாக. ஓரம் வரைக்கும் தடவுங்கள். ஒரு பக்கம் மட்டும்.

தோசைக்கல்லில் வருமா, இல்லை கிரில் வாங்க வேண்டுமா? (சென்னை)

தோசைக்கல் போதும். அதைவிட நல்ல பாத்திரம் இதற்கு இல்லை என்பேன். கடையிலும் தட்டையான சூட்டுக் கல்தான்.

கல்லை மிதமான தீயில் காயவிடுங்கள். தண்ணீர் தெளித்தால் உடனே துள்ளி ஓடக் கூடாது, ஒரு நொடி நின்று சுரீர் என்று வற்ற வேண்டும். தோசைக்கு வேண்டிய சூட்டில் கொஞ்சம் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லுக்கு எண்ணெய் தேய்க்க வேண்டாம். தடவிய பக்கத்தைக் கீழே வைத்துப் போட்டுவிட்டு ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம் தொடாதீர்கள். அழுத்தவும் கூடாது. அழுத்தினால் பிரெட்டுக்குள் இருக்கும் காற்று போய் அப்பளம் ஆகிவிடும்.

உள்ளே நடப்பது இதுதான். கொழுப்பு உருகி, அதில் இருக்கும் கொஞ்ச நீர் ஆவியாகி, பிரெட்டின் மேல்தோலை அந்தக் கொழுப்பே பொரிக்கிறது. சீஸ் துகள்கள் பிரெட்டுக்கும் கல்லுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு பொன்னிறமாக இறுகி, ஒரு தகடு மாதிரி ஒட்டிக்கொள்கின்றன. அந்தத் தகடுதான் சீஸ் டோஸ்ட். மேல் பக்கம் வெறும் பஞ்சு மாதிரி வெள்ளையாகவே இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் சிவக்க வைப்பவர்கள் நிறையப் பேர். அது நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது வேறு பண்டம்.

எடுக்கும்போது தோசைத் திருப்பியைச் சாய்த்து, கல்லை ஒட்டி ஒரே இழுப்பாகச் சுரண்டி எடுங்கள். இல்லாவிட்டால் தகடு கல்லிலேயே தங்கி, பிரெட் மட்டும் கையோடு வரும்.

வெண்ணெயில் செய்தால் இன்னும் ருசியாக இருக்காதா? மார்ஜரின் என்றாலே பயமாக இருக்கிறது. (கோயம்புத்தூர்)

நானும் அப்படித்தான் நினைத்தேன். முதல் பத்துத் தடவை நல்ல வெண்ணெயாக வாங்கிச் செய்தேன், ஒவ்வொரு தடவையும் கறுப்புப் புள்ளி. வெண்ணெயில் ஏறக்குறைய 80 சதவீதம் கொழுப்பு, மீதியில் பெரும்பகுதி தண்ணீர், கொஞ்சம் பால் புரதமும் பால் சர்க்கரையும். அந்தக் கடைசிச் சமாசாரம்தான் சீஸ் சிவக்கும் முன்னாலேயே கருகுகிறது. மார்ஜரினில் அது அநேகமாக இல்லை, அதனால் சீஸுக்கு நேரம் கிடைக்கிறது.

பயத்தைப் பற்றி: பழைய கட்டி மார்ஜரின், வனஸ்பதியில் இருந்த டிரான்ஸ் கொழுப்புதான் கெட்ட பெயர் வாங்கித் தந்தது. இந்தியாவில் 2022 ஜனவரியிலிருந்து எண்ணெய், கொழுப்பு வகைகளில் அது 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டம். அதற்காகத் தினமும் சாப்பிடச் சொல்லவில்லை. இது மாதம் ஒரு தடவை பண்டம்.

வெண்ணெய்தான் வேண்டும் என்றால் பாதிக்குப் பாதி கலந்து, தீயை இன்னும் குறைத்து, நேரத்தை இரண்டு நிமிஷமாக்குங்கள். என் வீட்டில் இப்போது அப்படித்தான். உப்பு வெண்ணெய் வேண்டாம், உப்பில்லாதது. ‘லைட்’ என்று போட்ட டப்பாவையும் வாங்காதீர்கள். அதில் தண்ணீர் அதிகம். கல்லில் படபடவென்று தெறித்து, பிரெட் நமுத்துப் போகும்.

நெய்யில் செய்யலாமா? (மதுரை)

எங்கள் ஊர்க்காரர் கேட்பீர்கள் என்று தெரியும்! நெய் கருகாது, உண்மை. ஆனால் வாசனையில் சீஸ் காணாமல் போய்விடும். குளிரில் மணல் மணலாக உறைவதால் சீராகத் தடவவும் வராது. விட்டுவிடுங்கள்.

நாங்கள் சைவம். பெக்கோரினோவில் மாட்டுக் கொழுப்பு ஏதாவது சேர்க்கிறார்களா? (சிங்கப்பூர்)

மாட்டுக் கொழுப்பு இல்லை, விஷயம் வேறு. பெக்கோரினோ ரொமானோ செம்மறியாட்டுப் பாலில் செய்வது. பாலைத் திரிக்க ஆட்டுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னட்டைத்தான் சேர்க்க வேண்டும் என்பது இத்தாலியில் அந்தப் பெயருக்கே உள்ள விதி. இத்தாலியின் அசல் பார்மசானான பார்மிஜானோ ரெஜ்ஜானோவுக்குக் கன்றுக்குட்டியின் ரென்னட். ஆக இரண்டுமே சைவம் கிடையாது. இது தெரியாமல் வருஷக்கணக்காகச் சாப்பிட்ட சைவக்காரர்கள் என் நட்பு வட்டத்திலேயே உண்டு. சொன்ன அன்று என்னைத் திட்டினார்கள், சீஸை அல்ல.

வழி இருக்கிறது. இத்தாலிக்கு வெளியே செய்யும் ‘பார்மசான் வகை’ கட்டிச் சீஸ் பலவற்றில் நுண்ணுயிரிலிருந்து எடுத்த ரென்னட் சேர்க்கிறார்கள். லேபிளில் ‘விலங்கு சாராத ரென்னட்’ என்றோ ‘மைக்ரோபியல் ரென்னட்’ என்றோ இருக்கும், இந்தியாவில் பச்சைப் புள்ளி இருக்கும். அதை எடுங்கள். பார்மசான் பசும்பால் சீஸ், பெக்கோரினோவின் அந்தக் காரமான ஆட்டு வாசனை வராது. 60 கிராமுக்குப் பதில் 70 போட்டுச் சரிக்கட்டலாம்.

அமுல் சீஸ் கியூபில் செய்தேன். ரப்பர் மாதிரி இழுக்கிறது, மொறுமொறுப்பே இல்லை. என்ன தப்பு? (திருச்சி)

உங்கள் மேல் தப்பு இல்லை, சீஸின் குணம் அது. கியூப் என்பது பதப்படுத்திய சீஸ். எவ்வளவு சூடு செய்தாலும் கொழுப்பு பிரியாமல் வழவழவென்று உருக வேண்டும் என்றே அதில் உப்பு வகைகள் சிலவற்றைச் சேர்க்கிறார்கள். சாண்ட்விச்சுக்கு அது வரம். நமக்கு வேண்டியதோ நேர் எதிர்: உருகி ஓடாமல், காய்ந்து, இறுகிச் சிவக்கும் சீஸ். மாதக்கணக்கில் முதிரவைத்ததால் தண்ணீர் வற்றிப்போன சீஸ்தான் அப்படி நடந்துகொள்ளும். பெக்கோரினோ ரொமானோ குறைந்தது ஐந்து மாதம், பார்மிஜானோ குறைந்தது பன்னிரண்டு மாதம். முதிர முதிரப் புரதம் உடைந்து குளூட்டமேட் வெளிவரும். நாக்கில் ‘இன்னொரு துண்டு’ என்று கேட்கவைப்பது அதுதான். முதிரவைக்காத, ஈரம் அதிகமுள்ள மொஸரெல்லாவும் இதனால்தான் உதவாது.

கையில் கியூப் மட்டும்தான் இருக்கிறது என்றால், ஃப்ரீசரில் ஒரு மணி நேரம் வைத்துத் துருவி, அளவைப் பாதியாகக் குறைத்துச் செய்யுங்கள். சுமாராக வரும். அதை சிஸ்லர் டோஸ்ட் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

பொடியாகவே டப்பாவில் விற்கும் பார்மசான்? (மெல்பர்ன், அதே தங்கை)

கட்டிக்கொள்ளாமல் இருக்க அதில் செல்லுலோஸ் (தாவர நார்ப்பொடி) மாதிரி ஏதாவது சேர்த்திருப்பார்கள். டோஸ்டில் மாவு மாவாகத் தெரியும். ஆத்திர அவசரத்துக்குச் சரி.

எந்தப் பாண் (பிரெட்) அக்கா? இங்கே சூப்பர் மார்க்கெட்டில் வாங்கும் மெல்லிய பாண் ஊறிப் போகுது. (சிட்னி)

ஊரில் நீங்கள் சொல்லும் அச்சுப்பாண் மாதிரிதான், வெட்டாமல் முழுதாக வாங்கி இரண்டரை சென்டிமீட்டர் தடிமனில் நீங்களே வெட்டுங்கள். புதுசாக அன்று சுட்டது வேண்டாம், கத்தியில் நசுங்கும். முந்தைய நாளையது நல்லது. கோதுமை பிரெட், தானிய பிரெட் எல்லாம் உடம்புக்கு நல்லதுதான், இதற்கு ஆகாது. அதன் சுவை முன்னால் வந்து நிற்கும்.

ஏர் ஃப்ரையரில் வைத்தேன். மேலே எண்ணெய் குளம், கீழே ஈரம். (டொராண்டோ)

சூட்டுக் காற்று மேலிருந்து வரும்போது, மார்ஜரின் உருகிப் பிரெட்டுக்குள் இறங்கிவிடுகிறது. சீஸ் தனியாக மேலே நின்று காய்கிறது. கல்லில் இரண்டும் சேர்ந்து பொரிகிற வேலை அங்கே நடக்காது. ஓவன் கிரில்லும் ஏறக்குறைய இதே கதைதான். பத்துப் பதினைந்து பேருக்கு ஒரே நேரத்தில் வேண்டும் என்றால் ஓவன் தட்டை முதலில் நன்றாகக் காயவைத்து, தடவிய பக்கம் கீழே வருமாறு துண்டுகளை அடுக்குங்கள். அது ஒன்றுதான் ஓரளவு கிட்டே வந்தது.

சிஸ்லரே இன்னும் இருக்கிறது என்று மாமா சொல்கிறார். நான் சென்னையில் சிஸ்லர் சாப்பிட்டிருக்கிறேன், அதில் டோஸ்ட் வரவில்லையே? (சென்னை, கல்லூரி மாணவர்)

இரண்டு விஷயம் கலந்துவிட்டது தம்பி. நம் ஊரில் மரப்பலகையில் வைத்த இரும்புத் தட்டில் புகையோடு வருமே, அது சிஸ்லர் என்ற பண்டம். இது சிஸ்லர் என்ற கடை. உங்கள் மாமா சொல்வது சரி. மூடியது ஆஸ்திரேலியாவில்தான். அமெரிக்காவிலும் தாய்லாந்திலும் ஜப்பானிலும் கடைகள் இருக்கின்றன. பாங்காக் போகிறவர்கள் அங்கே சீஸ் டோஸ்டைச் சாப்பிட்டுப் பார்க்கலாம்.

கொரோனாவால்தானே மூடினார்கள்? (பெர்த்)

கடைசி அடி அது. ஆனால் இங்கே அதை நடத்திய காலின்ஸ் ஃபுட்ஸ் நிறுவனம், இனி இதை வளர்க்கப் போவதில்லை என்று அதற்குச் சில வருஷம் முன்பே முடிவெடுத்து, கடைகளை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டுதான் வந்தது. ஆளாளுக்குக் கரண்டி பிடித்துப் பரிமாறிக்கொள்ளும் சாலட் பார் வைத்த கடை, 2020இல் எப்படித் தாக்குப்பிடிக்கும்? உங்கள் பெர்த்தில்தான் இன்னலூ, மார்லி, கெல்ம்ஸ்காட் மூன்றும் கடைசி நாள் வரை இருந்தன.

குழைத்து வைத்தால் எத்தனை நாள் தாங்கும்? (கோயம்புத்தூர்)

பிரிட்ஜில் மூடி போட்டு இரண்டு வாரம். பட்டர் பேப்பரில் உருட்டிச் சுற்றி ஃப்ரீசரில் வைத்தால் இரண்டு மாதம் வரை நான் வைத்திருக்கிறேன். பிரெட்டில் தடவியே ஃப்ரீசரில் வைப்பதும் உண்டு. உருகவிடாமல் அப்படியே கல்லில் போடலாம், தீயை மட்டும் குறையுங்கள். யாராவது என் பேச்சைக் கேட்காமல் பச்சைப் பூண்டு நசுக்கிப் போட்டிருந்தால், அதை வெளியே வைக்காதீர்கள். கொழுப்புக்குள் மூடிக் கிடக்கும் பூண்டில் நச்சுக் கிருமி வளரும் அபாயம் உண்டு. பிரிட்ஜில் வைத்து மூன்று நான்கு நாளில் தீர்த்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. இட்லிப் பொடி தூவலாமா? (மதுரை, மறுபடியும்)

தூவுங்கள். நானும் தூவியிருக்கிறேன், பிரமாதமாக இருந்தது. கல்லிலிருந்து எடுத்த பிறகு தூவுங்கள், முன்னால் தூவினால் பருப்பு தீயும்.